முதல் மாதத்தில் இறக்கிய முடி

1

அன்று முற்றத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான், இசக்கிமுத்து. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவன். இப்போது சீனாவில், ஜியாங்சி மாகாணத்தில், மலைக்குள் இருக்கிற ஒரு வெந்நீர் ஊற்று ஓட்டலில் அதே வேலை.

என் மகள் பேச்சி. ஆறு வயது. பள்ளிக்கூடப் பெயர் வேறு. அது உங்கள் வாயில் நிற்காது.

என் மனைவியின் தம்பி வெய். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. தெற்கே ஒரு பெரிய நகரத்தில் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை, புது வருடத்துக்கு மட்டும் வீட்டுக்கு வருவான்.

என் அக்கா செல்லம்மா. வடகரையில் இருக்கிறாள். அன்று போனில் இருந்தாள். அரிசிச் சாக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாள். சுவருக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோஸ் அறுத்துக்கொண்டிருந்தாள்.

மொத்தம் ஐந்து பேர். இருக்க வேண்டியவர்களில் இரண்டு பேர் இல்லை. என் மனைவி ஃபாங்கும் மாமியாரும் காலையிலேயே சித்தி வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

சீனப் புது வருடம் பிறந்து நாலாம் நாள். நமக்குத் தை மாதம். நல்ல வெயில் அடித்தது. பேச்சியை வெய் மடியில் உட்கார வைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் தலையை நனைத்தேன். புது பிளேடு. எண்ணெய் தேய்த்துப் பழகிய கை நடுங்காது. காதோரத்தில்கூட ஒரு கீறல் விழவில்லை. வெய் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாட்டு முனகினான். அவள் அழவில்லை.

கடைசி முடி விழுந்ததும் அக்கா போனில் குலவை போட்டாள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் தலையைப் பார்த்தாள். வெய்யைப் பார்த்தாள். கையில் இருந்த முட்டைக்கோஸைச் சுவர் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சந்தனம் இல்லை. மஞ்சள் தூளைக் குழைத்துத் தலையில் தடவினேன். நல்ல காரியம் ஒன்று முடிந்தது என்று நினைத்தேன்.

2

தென்காசியில் ஒரு நண்பர் சிறிய மலர் ஒன்று போடுகிறார். சீனாவைப் பற்றி எழுது என்றார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பெரிய மதில் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை. இங்கிருந்து ரயிலில் ஒரு முழுப் பகல். எனக்குத் தெரிந்த சீனா ஒரு மலை, ஒரு ஓட்டல், ஒரு வீடு. அதைத்தான் எழுத முடியும்.

வந்து ஒன்பது வருடம். ஐந்தருவிப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கேரளாக்காரர் வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டார். குளித்துவிட்டுத் திரும்பி வந்து, சீனாவுக்கு வருகிறாயா என்றார். தலை ஈரம்கூடக் காயவில்லை. சீசன் முடிந்தால் எனக்கு ஊரில் வேலை கிடையாது. வருகிறேன் என்றேன்.

ஓட்டலில் எனக்கென்று ஒரு கூடம். வாசலில் யானைப் பொம்மை. நல்லெண்ணெய் கிடைக்காது. இங்கே ஒரு தேயிலைச் சாதி மரத்தின் விதையை ஆட்டி எண்ணெய் எடுக்கிறார்கள். சமையலுக்கும் அதுதான். வாசனை இல்லை, உடம்புக்கு ஆகிறது. பஸ்ஸில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். தேய்த்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி எழுப்பிவிட்டால், அடுத்த அறையில் அருவி. சிமெண்டுப் பாறை, உள்ளே குழாய். காலை ஒன்பது மணிக்குச் சுவிட்சைப் போட்டால் விழும். அணைத்தால் நிற்கும். நம் ஊரில் தண்ணீருக்காக வானத்தைப் பார்த்துக் கிடந்தவன் நான்.

நிஜ அருவியும் உண்டு. ஓட்டலுக்கு மேலே அரை மணி நேரம் ஏற வேண்டும். நல்ல கல்படி, ஓரத்தில் கம்பி. மூங்கில் காடு. மேகம் இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவர் தெரியாது. குரங்கு இல்லை, மற்றபடி நம் மலைதான். மேலே போனால் நல்ல உயரத்தில் இருந்து தண்ணீர் விழும். எல்லோரும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். குளிக்கக் கூடாது என்று பலகை இருக்கிறது. பலகை இல்லாவிட்டாலும் குளிக்கமாட்டார்கள். அருவியில் எதற்குக் குளிக்க வேண்டும் என்று ஃபாங் என்னைக் கேட்டாள். இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஃபாங் ஓட்டலில் துண்டு துவைக்கும் பிரிவில் இருந்தாள். நான் வந்த மறு வருடம் கல்யாணத்தைப் பதிவு செய்தோம். ஆபீசில் என் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கட்டம் இருக்கிறது, எழுதியாக வேண்டும் என்றார்கள். அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

மாமியார் வீட்டிலேயே இருக்கிறோம். ஓட்டலில் இருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம். மாமனார் இல்லை. வெய் ஒரே மகன்.

3

முடி இறக்கிய காரணத்தைச் சொல்லுகிறேன்.

பேச்சிக்கு ஒன்றேகால் வயது இருக்கும்போது நோய்க் காலம் வந்தது. எங்கள் கிராமத்து ரோட்டில் மண்ணைக் கொட்டி மறித்துவிட்டார்கள். உள்ளே யாரும் வர முடியாது, வெளியே யாரும் போக முடியாது. அப்போது அவளுக்குக் காய்ச்சல். நாலு நாள் கண் திறக்கவில்லை. நான் எங்கள் சாஸ்தாவை நினைத்துக்கொண்டேன். பிள்ளை பிழைத்தால் பங்குனி உத்திரத்துக்கு உன் கோயிலில் கொண்டுவந்து முடி இறக்குகிறேன் என்றேன். ஐந்தாம் நாள் கஞ்சி குடித்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு உத்திரமும் தவறியது. ஒரு வருடம் விமானம் இல்லை. ஒரு வருடம் ஓட்டலில் ஆள் இல்லை. ஒரு வருடம் கையில் ஒன்றும் இல்லை. இந்த வருடம் எல்லாம் கூடி வந்தது. புது வருட விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்ததும் பேச்சிக்குப் பாஸ்போர்ட் போடுவது, பங்குனியில் மூன்று பேரும் போவது என்று ஃபாங்கும் நானும் பேசி முடித்திருந்தோம்.

ஒன்று மட்டும் இடித்தது. தாய்மாமன் மடி. வெய்யை இந்தியாவுக்குக் கூட்டிப்போக முடியாது. இதற்கு அக்காதான் வழி சொன்னாள். முடியை அங்கேயே மாமன் மடியில் இறக்கு, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவா, சாஸ்தா காலில் வைத்துவிடலாம் என்றாள். ஃபாங்கிடம் சொன்னேன். சரி என்றாள். எந்த நாள் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நான் தைரியமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பேச்சி பிறந்து ஒரு மாதம் ஆனபோது இவர்களே அவள் தலையை மழித்தார்கள். அப்போதும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது வெய்தான். மாமன் பிடிக்க வேண்டும், அதுதான் இங்கே முறை என்றார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இவர்களும் நம்மைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் பிசகினேன்.

நாலாம் நாள் காலையில் அக்கா போன் செய்தாள். இனி அவரவர் பேச்சை அப்படியே எழுதுகிறேன். சீனத்தில் பேசியதையும் என் பேச்சில்தான் எழுதப் போகிறேன். வேறு பேச்சு எனக்கு எழுத வராது.

“ஏலே இசக்கி, மாமன்காரன் ஊருக்குப் போயிருவாம்லா?”

“நாளன்னைக்குப் போறான்.”

“அப்போ இன்னைக்கே எடுத்துரு. நாள் நல்லாருக்குன்னு சொல்லுதாவ.”

“ஃபாங் இல்லையேக்கா.”

“அவ இருந்து என்னலே செய்யப்போறா? மடி அவளுதா, அவ தம்பியுதா?”

வெய் முற்றத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். இன்றைக்கா என்று கேட்டான். இன்றைக்கு என்றேன். ஒரு சிகரெட் பற்றவைத்தான். அதை முழுக்க இழுத்து முடித்தான். பிறகு ஸ்டூலை இழுத்து வெயிலில் போட்டு உட்கார்ந்தான். பிள்ளைக்காகக் கையை நீட்டினான்.

4

மத்தியானம் ஆகும் முன்பே மாமியார் வந்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் போன் செய்திருக்கிறாள். யாரோ ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார்கள். ஃபாங் பின்னால் ஓடி வந்தாள்.

மாமியார் சத்தம் போடவில்லை. பேச்சியின் தலையைப் பார்த்தார். நேரே வெய்யிடம் போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார். பிறகு முற்றத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஃபாங் என்னை அறைக்குள் கூட்டிப்போய்ச் சொன்னாள். வருடத்தின் முதல் மாதத்தில் தலைமுடியில் கத்தி வைக்கக் கூடாது. வைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது. வருடம் முடிவதற்குள் அவன் செத்துப்போவான். சீனா முழுக்க இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மாதம் சலூன்காரன் ஈ ஓட்டுவான். இரண்டாம் மாதம் இரண்டாம் நாள் வாசலில் வரிசை நிற்கும்.

அது போதாதென்று இது வெய் பிறந்த பாம்பு வருடம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவரவர் பிறந்த வருடம் திரும்பி வரும். நம் ஊரில் ஏழரைச் சனி என்கிற மாதிரி, அது இவர்களுக்குக் கெட்ட வருடம். அதற்காகத்தான் மாமியார் அவனுக்குச் சிவப்பு இடுப்புவாரும் சிவப்புக் காலுறையும் வாங்கிக் கொடுத்திருந்தார். புது வருடக் கொண்டாட்டம் என்று நான் நினைத்திருந்தேன்.

“ஒம்பது வருஷமா இங்கன இருக்கீங்க. ஒருத்தருகூடச் சொல்லலியா?” என்றாள் ஃபாங்.

நான் முடி வெட்டிக்கொள்வது ஓட்டல் குளியலறையில், நானாக. யார் சொல்லுவார்கள்?

சாயங்காலம் வெய் பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தான். போய் நின்றேன்.

“ஒனக்குத் தெரியுமா மாப்ள?”

“தெரியும்.”

“பிறகு ஏன் உக்காந்த?”

இன்னும் ஒரு கட்டையை நிறுத்தி வைத்துப் பிளந்தான்.

“இத்தன வருஷத்துல நீங்க எங்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான், அத்தான்.” பிளந்த கட்டையை ஓரத்தில் போட்டான். “நான் அதை நம்பல. அம்மா நம்புவா. அதை யோசிக்கல.”

5

மறுநாள் மாமியார் புத்தகத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில்.

புத்தகம் என்றால் குடும்பப் பதிவுப் புத்தகம். சிவப்பு அட்டை. நம் ரேஷன் கார்டு மாதிரிதான், ஆனால் அதைவிடக் கனம். அதில் பெயர் இருந்தால்தான் இங்கே ஆள். பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், எதுவானாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஃபாங், பேச்சி, வெய், எல்லாருடைய தாளும் அந்த ஒரே புத்தகத்தில். குடும்பத் தலைவர் மாமியார். என் தாள் அதில் கிடையாது. ஆனால் நான் இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கவும் அதே புத்தகம் வேண்டும்.

மாமியார் ஃபாங்கைப் பார்த்துத்தான் சொன்னார். அன்று முதல் அவர் என்னிடம் நேரே பேசுவதில்லை.

“அடுத்த புது வருஷத்தன்னைக்கு எம் மவன் இந்த வாசல்ல உசுரோட வந்து நிக்கட்டும். அன்னைக்குப் புத்தகத்தைத் தாறேன். அவனும் போயி, இந்தப் பிள்ளையும் தூரதேசம் போயிட்டா நான் யாருக்குப் பொங்கிப் போட?”

அவர் சொன்னதில் தப்பு தெரியவில்லை.

ஆபீஸ் திறந்ததும் ஃபாங்கும் நானும் போய்ப் பார்த்தோம். டோக்கன் கிழித்து உட்கார்ந்தோம். மேஜையில் இருந்தவள் நல்ல பெண். காகிதக் கப்பில் வெந்நீர் கொடுத்தாள். புத்தகம் கொண்டுவாருங்கள் என்றாள். தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா என்று ஃபாங்கிடம் கேட்டேன். புதுசு வேண்டுமென்றாலும் குடும்பத் தலைவர் வந்து கேட்க வேண்டும் என்றாள் ஃபாங். வெந்நீரைக் குடித்துவிட்டு வந்தோம்.

அக்காவிடம் சொன்னபோது, “பொட்டிதானலே, பூட்டை ஒடை” என்றாள்.

“ஒடைச்சிட்டு இந்த வீட்டுலதானக்கா சாப்பிடணும்.”

“அப்போ நீ மட்டும் வா.”

நான் மட்டும் போகலாம். யாரும் தடுக்கவில்லை. என் பாஸ்போர்ட் என் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனால் நேர்ந்தது பிள்ளையை. வெறும் முடியைக் கொண்டுபோய் வைத்து, பிள்ளை எங்கே என்று கேட்டால் என்ன சொல்ல? அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். பங்குனி உத்திரம் போனது.

ஆனி மாதம் பேச்சியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பெயர் பதிந்தோம். அதற்கும் புத்தகம் வேண்டும். மாமியார் புத்தகத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு வந்தார். மேஜையில் தானே விரித்தார். அவர்கள் பேச்சியின் தாளைப் படம் எடுக்கும் வரை ஒரு விரலை அதன் ஓரத்தில் வைத்திருந்தார். எடுத்து முடித்ததும் மூடிச் சுற்றிக்கொண்டார். நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். பேச்சி பிறந்தபோது பார்த்தது. அதன் பிறகு அன்றுதான் அந்தப் புத்தகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

6

வெய் செய்யும் வேலையை இன்னும் சொல்லவில்லை. பெரிய கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு விரிசல் அடைப்பது, வண்ணம் பூசுவது. உட்காரப் பலகை ஒன்று, கயிறு இரண்டு. முப்பது மாடி, நாற்பது மாடி.

முன்பு இது அவன் வேலை. இப்போது எங்கள் வீட்டில் எல்லோருடைய வேலையும் ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாமியார் போன் செய்வார். அவன் எடுத்து, இருக்கிறேன் என்பான். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் சோற்றுச் சட்டியைத் திறப்பது. நான் வேலை முடிந்து வரும்போது சட்டி திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நானும் அவனுக்குச் செய்தி அனுப்ப ஆரம்பித்தேன். மழை என்றால் ஏறாதே. காற்று என்றால் ஏறாதே. முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு வாழ்த்து அனுப்புவேன், அவ்வளவுதான். அவன் சிரிக்கிற பொம்மைப் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவான்.

வசந்தத்தில் இங்கே வயலெல்லாம் மஞ்சள். கடுகுச் சாதிப் பூ. மலை அடிவாரம் தொடங்கி ஆறு வரைக்கும் மஞ்சள்தான். அதைப் பார்க்கவே பஸ்ஸில் வருகிறார்கள். அதன் பிறகு கல்லறை துடைக்கும் நாள். குடும்பத்தோடு குன்றில் ஏறி, மாமனார் கல்லறையில் புல் வெட்டி, பழம் வைத்து, காகிதப் பணம் கொளுத்துவோம். ஒவ்வொரு வருடமும் மாமியார் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். இந்த வருடம் கல்லைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். ஊர்ப் பேச்சில் பேசியதால் எனக்குப் பாதிதான் புரிந்தது. மகன் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. நான் மண்வெட்டியை வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். அங்கிருந்து போகவும் முடியாது, பக்கத்தில் போகவும் முடியாது.

பேச்சிக்கு முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. காதுவைத்த சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்றை விடாமல் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சிரித்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

“மாமா என்னாலதான் சாவப்போறாரா?”

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எல்லாரும் என்றாள்.

அவளுக்குத் தமிழில் வா, போ, சாப்பிடு, தண்ணி தெரியும். கேட்டால் புரியும், ஆனால் என் வாயில் சட்டென்று வருகிற சீனம் படு, திரும்பு, வலிக்கிறதா, போதுமா. எங்கள் இரண்டு பேரிடமும் இருக்கிற வார்த்தைகளைச் சேர்த்தாலும் அதற்குப் பதில் சொல்லக் காணாது. இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையை மூன்று தடவை சொன்னேன். வீடு வரும் வரை அவள் என் சட்டையைப் பிடித்திருந்த கை தளரவில்லை.

7

இவர்கள் கணக்கில் ஐந்தாம் மாதம் பெருமழை. ஒருநாள் ஆறு மணிக்கு வெய் போனை எடுக்கவில்லை. ஏழு, எட்டு, எடுக்கவில்லை. சட்டி திறக்கவில்லை. பேச்சிக்கு மட்டும் ஃபாங் ரொட்டி கொடுத்தாள்.

மறுநாளும் எடுக்கவில்லை. அவனோடு வேலை பார்க்கிறவர்கள் யாருடைய எண்ணும் எங்களிடம் இல்லை. மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வேலைக்குப் போனேன். அன்று ஒரு ஆளுக்கு ஒரே தோளை இரண்டு தடவை தேய்த்திருக்கிறேன். அவரே சொன்னார்.

அந்த இரண்டு நாளும் நான் சாஸ்தாவை வேண்டிக்கொண்டேன். வெய் உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டினேன். அவனுக்காகவா, அந்தப் புத்தகத்துக்காகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் இங்கே எழுத முடியும்.

மூன்றாம் நாள் காலையில் வேறு ஒரு எண்ணில் இருந்து கூப்பிட்டான். கயிற்றில் தொங்கும்போது போன் கைதவறிக் கீழே விழுந்திருக்கிறது. பத்தொன்பது மாடி. கீழே யாரும் இல்லை. புதுப் போன் வாங்கிவிட்டேன், பழைய எண் கிடைக்க இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றான். எங்கள் யார் எண்ணும் அவனுக்கு மனப்பாடம் இல்லை. ஓட்டல் எண்ணைத் தேடிப் பிடித்து, அங்கே என்னைக் கேட்டிருக்கிறான்.

அவன் கூப்பிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வீட்டுக்கு விரைந்தேன். என் போனில் அவனைக் கூப்பிட்டு மாமியார் காதில் வைத்தேன். அவர் கேட்டுவிட்டு, “சாப்பிட்டியா?” என்றார். போனை என்னிடம் தராமல் ஃபாங்கிடம் கொடுத்தார்.

8

நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். இவர்கள் மாதம் நிலாவைப் பார்த்து வருவது, இருபத்தொன்பது நாள் அல்லது முப்பது. அப்படிப் பார்த்தால் அடுத்த புது வருடம் தை பிறந்த உடனே வந்துவிடும். அன்று புத்தகம் கைக்கு வரும். பாஸ்போர்ட்டுக்கு இருபது நாள், விசாவுக்கு ஒரு மாதம். பங்குனி உத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவள் வடகரை முழுக்கச் சொல்லியிருந்தாள்.

ஆறாம் மாதம் முடிந்த மறுநாள் காலை. மாமியார் சுவரில் இருக்கும் நாள்காட்டியில் தாளைக் கிழித்தார். ஏழாம் மாதம் முதல் நாள் வர வேண்டும். ஆறாம் மாதம் முதல் நாள் என்று இருந்தது. அந்த எழுத்துகள் எனக்குத் தெரியும். அச்சுப் பிழை என்று ஃபாங்கிடம் காட்டினேன்.

“பிழை இல்ல. இந்த வருஷம் ஆறாம் மாசம் ரெண்டு” என்றாள்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு மாதம் கூட வருமாம். இதற்கு முன்னும் வந்திருக்கும். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, அதனால் பார்த்ததில்லை. இந்த வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். புது வருடம் தையில் வராது. மாசியில்தான். அதற்கு மேல் இருபது நாள், ஒரு மாதம் என்று கூட்டினால் உத்திரம் கடந்துவிடும்.

மாமியார் கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அவருக்கும் ஒரு மாதம் கூடித்தான் போயிருந்தது.

நாலு நாள் கழித்து வெய் எனக்குப் போன் செய்தான். மத்தியானம், வேலை நேரம். கூடத்துக்கு வெளியே வந்து எடுத்தேன். பெரிய காற்றுச் சத்தம்.

“எங்கக்கா சொன்னா, ஒரு மாசம் தள்ளிப் போச்சாமே. எட்டாம் மாசப் பௌர்ணமிக்கு நான் வாறேன், அத்தான். சாவியை அம்மா எங்கன கழட்டி வைப்பான்னு எனக்குத் தெரியும். புத்தகத்தை எடுத்துத் தாறேன். அவ பாக்கதுக்குள்ள நீங்க வேலையை முடிச்சிருங்க.”

அவன் சொன்னது நடக்கக்கூடியது. பௌர்ணமி ஐப்பசிக்கு முன்பே வந்துவிடும். உத்திரத்துக்கு வேண்டிய மட்டும் நாள் இருக்கும். மூன்று பேரும் விமானத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதன் பிறகு இந்த வீட்டில் ஆறு மணி ஆவதும் தெரிந்தது. பூட்டிய பெட்டிக்குள் ஒன்றும் இல்லாமல், ஒரு பொம்பளை மட்டும் போனை வைத்துக்கொண்டு.

“இப்போ எங்கன இருக்க?” என்று கேட்டேன்.

“இருவத்தெட்டாவது மாடி.”

“கயித்துலயா?”

“ஆமா.”

“மொதல்ல எறங்கு. புத்தகம் வேண்டாம்.”

“சாமி காரியம் போயிருமே அத்தான்.”

“சாமி அங்கனதான் இருக்கும். நீ வந்து வாசல்ல நில்லு மாப்ள. அது போதும்.”

காற்று மட்டும் கேட்டது. பிறகு, சரி, இறங்குகிறேன் என்றான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அக்காவுக்குப் போன் செய்து, அடுத்த உத்திரத்துக்கும் வரவில்லை என்றேன். யாரிடம் எல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. பிள்ளையைக் காட்டுலே என்றாள். பேச்சியைக் காட்டினேன். முடி காது வரை வந்துவிட்டது என்றாள். அதோடு வைத்துவிட்டாள்.

ஃபாங் பேச்சியைக் குளிக்கவைக்கக் கூட்டிப்போனாள். அடுக்களையில் மாமியாரும் நானும்தான். ஆறு மணிப் போன் வந்து முடிந்திருந்தது. வெய் இருக்கிறேன் என்றிருந்தான். மாமியார் சட்டியைத் திறந்து சோறு போட்டு, கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். போகவில்லை. நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாது.

“புது வருஷத்துக்கு இன்னும் எத்தன நாளு?” என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ணினேன். ஒரு தடவை தவறிவிட்டது. திரும்ப முதலில் இருந்து எண்ணினேன்.

இருநூற்று நான்கு.